சனி ஞாயிறு சர்ஃபிங்குக்கு வர்க்கலை போகிறவர்களுக்கு

நாகர்கோவிலிலிருந்து கேரளத்து வர்க்கலைக்கு ரயிலில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் குறைவு. இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் லீவு கிடைத்ததும் அறை போட்டுவிடுகிறார்கள். கடல் எப்படி இருக்கிறது என்பதைப் போய் இறங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள். மீன் வறுவல் சாப்பிட்டு, கிளிஃபில் (கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேட்டில்) நடந்து, சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வர அது போதும். சர்ஃபிங் (போர்டில் நின்று அலைமேல் சறுக்குவது) கற்க அது போதாது. முதலில் அலை, அடுத்து காற்று, பிறகு ரயில், கடைசியில் அறை என்ற வரிசையில் திட்டம் போடுங்கள். பெங்களூரிலிருந்து வருகிறவர் ஒரு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தாக வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வியாழக்கிழமை ராத்திரி கடல் நிலவரம் பார்த்து, சரியில்லை என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். இந்த வசதியை யாரும் வீணாக்கக் கூடாது.

புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஏற்ற காலம் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராகக் கரையை நோக்கி அடிக்கும். அலை பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் வரும். வர்க்கலையில் மணலையே கடல் எடுத்துக்கொண்டு போய்விடுவதால், ஏற்றத்தின்போது அலை கிளிஃபின் அடியில் கிடக்கிற பாறைகளில் வந்து மோதும். அந்த மாதங்களில் பெரும்பாலான சர்ஃப் ஸ்கூல்கள் மூடியிருக்கும். மழைக்காலம் முடிந்த பிறகு மணல் மெதுவாகத் திரும்பி வரும். டிசம்பர், ஜனவரியில் கரை அகலமாகிவிடும். அக்டோபரில் போகிறவர்கள் ஐப்பசி இடிமழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் கறுத்து இடி கேட்டால், அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள். திறந்த கடலில் மின்னலுக்கு உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

நிலவரம் பார்க்க ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பு இருக்கிறது. கூடவே விண்டி போன்ற ஏதாவது ஒரு செயலி போதும். பலர் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உயரத்தைவிட முக்கியமானது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடிக் கணக்கு. ஒரு மீட்டர் அலை ஆறு விநாடிக்கு ஒன்றாக வந்தால், அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. நெருக்கி நெருக்கி அடிக்கும், பலம் குறைவு, நிற்கவே இடம் தராது. அதே ஒரு மீட்டர் பதினான்கு விநாடிக்கு ஒன்றாக வந்தால், அது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலிலிருந்து புறப்பட்டு வருவது. ஆழ்கடலில் சாதாரணமாகத் தெரியும், கரைக்கு வந்ததும் எழுந்து நின்று கனமாக உடையும். முதல் வகுப்புக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரமும், ஒன்பது முதல் பன்னிரண்டு விநாடி இடைவெளியும் இருந்தால் போதும். ஒன்றரை மீட்டரைத் தாண்டி, விநாடியும் பதினான்கைத் தாண்டினால் புதியவர்கள் போக வேண்டாம். வர்க்கலைக் கரை சரிவானது என்பதால் அப்படிப்பட்ட அலை கரையோரத்திலேயே குத்தி விழும். கழுத்தும் தோளும் அடிபடுவது அதில்தான்.

கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தக் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். காற்றைத்தான் விடியற்காலையில் பிடிக்க வேண்டும். ராத்திரி தரை குளிர்வதால் விடியும்போது கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று போகும். அது அலையின் முகத்தைச் சீவி வழவழப்பாக்கும். பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடேறிக் காற்று திரும்பிவிட்டால் கடல் கலங்கிவிடும். காலை ஆறரை மணி வகுப்புக்கும் பதினோரு மணி வகுப்புக்கும் ஒரே கட்டணம்தான் கேட்பார்கள், ஆனால் கிடைக்கும் அலை ஒன்றல்ல. ஸ்கூலில் பேசும்போது காலை முதல் வகுப்பையே கேளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பள்ளி லீவுக் காலம். கள்ளக்கடல் அதிகமாக வருவதும் அப்போதுதான். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, கரையில் நிற்கிறவனுக்கு எந்த அடையாளமும் தெரியாது. தெற்கே வெகு தொலைவிலிருந்து சில நாட்கள் பயணம் செய்து வந்த நீளலைகள் திடீரென்று கரையேறும். கேரள மீனவர்கள் சொல்லும் இந்தப் பெயரை யுனெஸ்கோ 2012-ல் முறையாக ஏற்றுக்கொண்டது. இன்காய்ஸ் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே 6 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் இறந்ததும் இப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். முட்டளவு தண்ணீரில் மட்டும் நின்றுகொள்கிறோம் என்ற சமாதானம் அன்றைக்குச் செல்லாது.

அலை சரியாக இருந்தும் கூட்டத்தால் கெட்டுப்போகிற நாட்கள் உண்டு. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி தீர்த்தாடனம், அதாவது வர்க்கலையில் நாராயண குருவின் சமாதி இருக்கிற சிவகிரிக்கு யாத்திரை. வர்க்கலை முழுக்க மஞ்சள் உடுத்தவர்கள் நிறைந்திருப்பார்கள், அறைக்கும் ஆட்டோவுக்கும் திண்டாட வேண்டும். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கல் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற எந்த ரயிலிலும் கால் வைக்க முடியாது, ஊருக்குள் சாலையும் அடைபட்டிருக்கும். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், ஆகவே அந்தக் காலத்தில் முன்பதிவு இல்லாமல் ரயிலை நம்பாதீர்கள். மார்ச், ஏப்ரலில் வர்க்கலைக்கு வடக்கே இடவா அருகே உள்ள வெட்டக்கடையில் சர்ஃபிங் விழா நடக்கிற வாரம் இருந்தால், பார்க்கப் போகலாம், கற்கப் போக வேண்டாம். நல்ல பயிற்சியாளர்கள் எல்லோரும் போட்டியில் இருப்பார்கள்.

நம் பக்கத்திலிருந்து போக ரயில்தான் சரி. கன்னியாகுமரி, நாகர்கோவிலிலிருந்து கொல்லம் வழியாகப் போகிற பரசுராம், ஐலண்ட் போன்ற எக்ஸ்பிரஸ்கள் வர்க்கலையில் நிற்கும். ஸ்டேஷன் பெயர் வர்க்கலா சிவகிரி. நேரம் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் முன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் புனலூர் வழியாகக் கொல்லம் வந்து அங்கிருந்து தெற்கே திரும்பினால் அரை மணி நேரச் சொச்சம். ஸ்டேஷனிலிருந்து கிளிஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவில் ஏறும் முன் வடக்குக் கிளிஃபா, ஓடயமா, இடவாவா என்று தெளிவாகச் சொல்லுங்கள், மூன்றும் ஒன்றல்ல.

காரில் போனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வரையிலான பழைய சாலைதான் நேரத்தைத் தின்னும். எல்லை தாண்டியதும் காரோடு–கழக்கூட்டம் பைபாஸைப் பிடித்தால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், திருவனந்தபுரம் நகரம் எல்லாவற்றையும் தவிர்க்கலாம். அதற்குப் பிறகு ஆற்றிங்கல் நெரிசல், கல்லம்பலத்தில் இடதுபுறம் திரும்பினால் வர்க்கலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புவதைவிட சனிக்கிழமை அதிகாலை மூன்றரைக்குக் கிளம்புவது மேல் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். தூக்கம் கெட்டு ஆறரைக்குக் கடலில் இறங்கக் கூடாது. வெள்ளி இரவே போய்ப் படுத்துவிடுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கோவளம் போதும். பைபாஸ் ஓரமாகவே இருக்கிறது, பிறை வடிவக் கரைகளைப் பாறை முனைகள் ஓரளவு காக்கின்றன, சர்ஃப் ஸ்கூலும் உண்டு. ஆனால் ஆன்லைனில் அறை போடும்போது எந்தக் கோவளம் என்று பாருங்கள். சென்னை ஈசிஆரில் ஒரு கோவளம், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கோவளம், திருவனந்தபுரத்துக் கோவளம். சென்னைக் கோவளமும் பேர்போன சர்ஃபிங் ஊர் என்பதால் தேடல் முடிவுகளில் இரண்டும் கலந்தே வரும். பணம் கட்டும் முன் பின்கோடு 695-ல் தொடங்குகிறதா என்று சரிபாருங்கள்.

அறை விஷயத்தில் ஒரே யோசனை: வடக்குக் கிளிஃபின் கடைவரிசைக்கு நேர் பின்னால் எடுக்காதீர்கள். ராத்திரி பாட்டுச் சத்தம் நிற்க நேரமாகும். ஓடயம், இடவா பக்கம் அமைதி அதிகம், ஸ்கூல்களுக்கும் பக்கம். உப்பு கழுவ வெளியே ஒரு குழாயும், துணி காயப்போடக் கொடியும் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளிஃப் விளிம்பில் தடுப்புக் கட்டியிருக்கிற இடத்தைத் தாண்டவே கூடாது. மேலே செம்பாறை, அடியில் மணற்கல்லும் களிமண்ணும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியை அரிப்பதால் விளிம்பு பாளம் பாளமாகச் சரிகிற இடம் அது.

ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டாகிராம் படத்தை விட்டுவிட்டுப் போனில் பேசுங்கள். பயிற்சியாளருக்கு ஐ.எஸ்.ஏ (சர்வதேச சர்ஃபிங் சங்கம்) சான்றும் உயிர்காப்புப் பயிற்சியும் இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை பேர், கடல் மோசமானால் நாளை மாற்றித் தருவார்களா, வீடியோவுக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு நாலு பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேர வகுப்புக்குக் குழுவாக என்றால் பெரும்பாலும் தலைக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகும். பதிலைவிட அவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்விதான் தரத்தைக் காட்டும். நீந்தத் தெரியுமா, தோள் மூட்டு எப்போதாவது விலகியிருக்கிறதா, ஆஸ்துமா உண்டா என்று எதையுமே கேட்காமல் ஜிபே நம்பர் அனுப்புகிற இடத்தை நம்ப வேண்டாம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் குளத்திலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவர்கள். அது பெரிய பலம், ஆனாலும் கடலில் மூச்சு எடுக்கிற நேரத்தை அலைதான் தீர்மானிக்கும். கால் ஊன்றாமல் ஐம்பது மீட்டர் நீந்தவும், மல்லாந்து இரண்டு நிமிடம் மிதக்கவும் முடிந்தால் வகுப்புக்குத் தயார். போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பாய் விரித்துக் குப்புறப் படுத்து, ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழகுங்கள். தினம் இருபது தடவை போதும். முதல் நாள் எல்லோருக்கும் முதலில் சோர்ந்துபோவது தோள்தான்.

உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். ராஷ் கார்டு எனும் முழுக்கை நீச்சல் சட்டையும், பெண்கள் என்றால் முழுநீள லெகின்ஸும். நெஞ்சும் தொடையும் போர்டில் உரசித் தோல் வழண்டுபோகாமல் இருக்க அதுதான் வழி. காட்டன் சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ் எல்லாம் தண்ணீர் குடித்து கனத்துக் காலைக் கட்டிப்போடும். எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீனை இறங்க இருபது நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். காது மடல், பின்கழுத்து, பின்னங்கால் மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். விடியும்போது ஓர் ஏத்தம்பழமும் ஒரு சாயாவும் போதும், புட்டும் கடலையும் கரையேறிய பிறகு.

போர்டு எட்டு அல்லது ஒன்பது அடி சாஃப்ட் போர்டாக (மேற்பரப்பு மெத்தென்று இருப்பது) இருக்கட்டும். சின்ன போர்டு அழகாக இருக்கும், தாங்காது. எழுபது கிலோ ஆளுக்கு கன அளவு எண்பது லிட்டருக்குக் குறையாத போர்டு வேண்டும். லீஷ், அதாவது போர்டையும் உங்களையும் இணைக்கிற கயிறு, பின்னால் வைக்கும் காலில் கட்டுவது. எது உங்கள் பின்கால் என்று தெரியவில்லையென்றால், யாரையாவது முதுகில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தன்னால் முன்னே போகிற கால் முன்கால். தண்ணீருக்குள் நடக்கும்போது போர்டை உங்களுக்குப் பக்கவாட்டில், அதன் மூக்கு (முன்முனை) கடலைப் பார்க்கப் பிடியுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே குறுக்காகப் பிடித்தால் அடுத்த அலை அதை உங்கள் மூக்கிலோ பல்லிலோ அடிக்கும். வகுப்பில் நடக்கிற காயங்களில் பல இந்தத் தவறால் வருபவை.

முதல் வகுப்பு முழுக்க உடைந்து நுரையாக வருகிற அலையில்தான், இடுப்பளவுத் தண்ணீரில். போர்டில் நடுக்கோட்டில் படுத்து, மூக்கு நீருக்கு மேலே மூன்று நாலு விரல்கடை தெரிகிற மாதிரி முன்னே பின்னே நகர்ந்துகொள்ளுங்கள். நுரை உங்களை எட்டும் முன் கையால் நாலைந்து ஆழமான துடுப்பு. தள்ளுவது தெரிந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு. இந்த இரண்டைச் செய்யாததால்தான் பாதிப் பேர் எழும்போது அலை அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பிறகு உள்ளங்கைகளை விலா எலும்புப் பக்கம் தட்டையாக ஊன்றி, நெஞ்சை உயர்த்தி, முன்காலை இரண்டு கைக்கும் நடுவே கொண்டுவாருங்கள். போர்டின் ஓரங்களைப் பிடித்து எழுந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முட்டி போட்டு எழுகிற பழக்கம் தொடங்கினால் பிறகு அதை மறப்பது கடினம். பார்வை கரையில் ஒரு தென்னையிலோ கட்டடத்திலோ இருக்கட்டும், காலைப் பார்த்தால் காலடியில்தான் விழுவீர்கள். மூக்கு குத்திப் புதைகிறதா, இரண்டு அங்குலம் பின்னால் போங்கள். அலை அடியில் நழுவிப் போகிறதா, முன்னால் வாருங்கள்.

விழுவதைத் தனியாகக் கற்க வேண்டும். தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டில், தட்டையாக விழுங்கள். அடியில் மணல் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வாருங்கள், போர்டு தலைக்கு மேலேயே மிதந்துகொண்டிருக்கலாம். லீஷைக் கையில் சுற்றிப் பிடிப்பது விரலுக்கு ஆபத்து.

அலை உடையாமல் சந்து மாதிரி அமைதியாகத் தெரிகிற, நுரை வெளியே போய்க்கொண்டிருக்கிற பகுதி நீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிற இடம். பாறைக்கும் கல்தடுப்புக்கும் ஒட்டி இது அடிக்கடி உருவாகும். குளிக்க வருகிறவர்கள் இங்கே அலையில்லை என்று அதே இடத்தில்தான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். போர்டை விடாமல் பிடித்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். உயிர்காப்பாளர் விசில் அடித்துச் சொல்கிற இடத்துக்கு மறுபேச்சில்லாமல் மாறுங்கள். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் யாரோ குளிக்கிறார்கள் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

காலையில் கரைமடி இழுக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று இரண்டு கயிறுகளை இழுப்பார்கள், வலை தூரத்தில் இருக்கும். அந்த இரண்டு கயிறுக்கும் இடையில் இறங்கினால் மீன் கலையும், போர்டின் அடியில் உள்ள ஃபின் வலையில் சிக்கும், லீஷ் கயிற்றில் மாட்டினால் உங்களுக்கும் ஆபத்து. அது அவர்களின் அன்றைய பிழைப்பு. முடியும்வரை காத்திருங்கள், அல்லது நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போங்கள். சொறிமீன் பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள், மணல் போட்டுத் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

பதினோரு மணிக்குப் பிறகு கடலில் வேலையில்லை. நிழலில் படுத்து உறங்குங்கள், தண்ணீரும் இளநீரும் குடியுங்கள். கறுப்பு மணல் கரைக்கு உச்சிவெயிலில் வெறுங்காலோடு போகாதீர்கள். நம் மணவாளக்குறிச்சியில் இருக்கிற அதே வகைக் கனிம மணல், சூடு தாங்காது. மாலையில் காப்பில் பக்கம் போகலாம், ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், நடுவே சாலை. சிவகிரியில் 1928-ல் சமாதியான நாராயண குரு நம் மருந்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தவர் என்பதால், நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் கூடுதலாகவே இருக்கத் தோன்றும்.

ஞாயிறு காலை இரண்டாவது வகுப்பைத் தவறவிடாதீர்கள். உடம்பு வலிக்கும், ஆனாலும் முதல் நாள் கற்றது நிலைப்பது அப்போதுதான். வலி தோளின் உள்மூட்டில் குத்துவது மாதிரி இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எட்டரைக்குக் கரையேறி, நல்ல தண்ணீரில் குளித்து, தலையைச் சாய்த்துக் காதில் இருக்கிற நீரை வடியவிடுங்கள். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அடுத்த நாள் காதுவலிதான். ஞாயிறு மாலை தெற்கே வருகிற ரயில்களில் திருவனந்தபுரத்தில் கூட்டம் ஏறும் என்பதால், மதியம் ஒரு மணிக்குள் கிளம்புகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வீடு சேர்வதற்குள் நாறிவிடும், கொடியில் அரை மணி நேரம் போட்டு எடுத்துப் பையில் வையுங்கள்.